காற்றடித்தபோது உட்காரவைத்தவர்

சேலையூரிலிருந்து கல்லூரி மாணவர்கள் பத்துப் பேர் முட்டுக்காடு போனோம். உப்பங்கழியில் மிதக்கும் பிளாஸ்டிக்கை அள்ளினால், பாய்மரப் படகு ஓட்டச் சொல்லித் தருவதாக ஏற்பாடு. எங்கள் பயிற்சியாளர் பெரிய மீசைக்காரர். கரையில் டீ குடிக்கும்போதுகூட லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றமாட்டார்.

நானும் அவரும் ஒரு படகில் குப்பை அள்ளிக்கொண்டிருந்தபோது திடீரென்று காற்றடித்துப் படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. குப்பை மூட்டை என் மடியில் வந்து விழுந்தது. நான் குதிக்க எழுந்தேன். அவர் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்து, பாயின் கயிற்றைத் தளர்த்தினார். படகு நிமிர்ந்தது.

"எனக்கு நல்லா நீச்சல் தெரியும் சார். அதான் குதிக்கப் பார்த்தேன்" என்றேன்.

"எனக்குத் தெரியாதுப்பா."

"என்ன சார் சொல்றீங்க?"

"தெரிஞ்சா நானும்தான் குதிச்சிருப்பேன். அப்பால போட்டை யாரு நிமித்துறது?"

நீச்சலில் பரிசு வாங்கியவன் நான். அன்று கரை சேரும்வரை அவர் பக்கத்தைவிட்டு நகரவில்லை.