ரத்தம் ஊற பீட்ரூட்

என் பழைய ஆபீஸ் தோழி கல்பனாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று இன்று காலைதான் தெரிந்தது. அழுதுகொண்டே மயிலாப்பூரில் பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும் வாங்கிக்கொண்டு, அசோக் நகரில் அவள் வீட்டுக்கு ஓடினேன்.

“சாப்பிடுடி, ரத்தம் நல்லா ஊறும்” என்றேன்.

பையைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். “அடியே, எனக்கு ரத்தம் கம்மியில்ல, ஜாஸ்தி! சிவப்பணு அளவுக்கு மீறி உண்டாகுது. அப்பப்ப ஆஸ்பத்திரில ஊசி குத்தி எடுத்து விடுறாங்க.”

“இப்படிக்கூட ஒரு ரத்தப் புற்றுநோயா?”

“அதுல பல வகை இருக்கு. என்னோடது மெதுவாப் போற வகை. முதல்ல நானும் பயந்தேன். இப்ப மாத்திரை போட்டுக்கிட்டு ஆபீஸ் போயிட்டுதான் இருக்கேன்.”

எனக்கு மறுபடி அழுகைதான் வந்தது. அவள்தான் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டாள்.

ஆறுதல் சொல்லப் போய், ஆறுதல் வாங்கிக்கொண்டு வந்த ஆள் நான் மட்டும்தானா?