என் கட்டுரைக்கு நான் போட்ட பூட்டு

போன திங்கட்கிழமை ஒரு போன்.

"மேடம், நாந்தான் எம். புதுப்பட்டியிலருந்து முத்துமாரி. நல்லாருக்கீகளா? உங்க கட்டுரையைத் தொறக்க முடியலையே… பூட்டுப் படம் போட்டிருக்கு!"

ஆறு வருஷத்துக்கு முன் பட்டாசுத் தொழிலாளர்களின் கைத்தோல் பாதிப்பு பற்றி ஆய்வு செய்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், வீட்டு வேலையைப் போட்டுவிட்டு, முத்துமாரி என்னோடு உட்கார்ந்து பேசினார். அரிக்கும் கைகளை விரித்துக் காட்டினார். அதை எழுதி நான் பேராசிரியர் ஆனேன். அவர்? இன்னும் சொறிந்துகொண்டிருக்கிறார்.

இப்போது சாப்பாட்டுக்கு முன் கை கழுவ சோப்பும் பத்து நிமிஷமும் வேண்டுமென்று முத்துமாரியும் கூட வேலை செய்பவர்களும் கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். "கை கழுவாததாலதான் அரிக்குதுன்னு எவன் சொன்னான்?" என்றாராம் மேனேஜர். சொன்னவள் நான்தான், அந்தக் கட்டுரையில். வெள்ளிக்கிழமை அரசாங்கத் தொழிற்சாலை அதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார். அதற்குள் எழுத்தில் ஏதாவது காட்ட வேண்டும். கல்லூரியில் படிக்கும் முத்துமாரியின் மகள், எங்கள் பல்கலைக்கழக ஆய்வுகளைச் சேர்த்து வைக்கும் இணையக் களஞ்சியத்தில் தேடியிருக்கிறாள். அகப்பட்டவை: தலைப்பு, என் பெயர், ஒரு பூட்டு.

பூட்டியது யார்? அடியேன்தான்!

"எல்லாரும் படிக்கிற மாதிரிப் போடுங்க மேடம்" என்று நூலகர் அப்போதே தலைகீழாக நின்று பார்த்தார். நானா மசிவேன்? எவராவது சுட்டுவிட்டால்? திறந்து போடுவதற்குப் பதவி உயர்வில் ஒரு மார்க்கும் கிடையாது. களஞ்சியத்தின் பாஸ்வேர்டு வேறு மறந்துவிட்டது. துறையில் யாருமே திறந்து போடவில்லை — நான் மட்டும் ஏமாளியா?

செவ்வாய்க்கிழமை அசட்டுச் சிரிப்போடு நூலகர் முன் போய் நின்றேன். அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். ஆறு வருஷத்தில் என் கட்டுரையைக் கேட்டு வந்த வேண்டுகோள்… ஒன்றே ஒன்று. முத்துமாரியின் மகள் அனுப்பியது. பத்து நாளாக என் மெயிலில் பிரிக்காமல் கிடந்திருக்கிறது. திருடனுக்குப் பயந்து பூட்டினேன். ஒரு திருடன்கூட எட்டிப் பார்க்கவில்லை! வெட்கமாக இருந்தது. அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன், பூட்டு போனது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி முத்துமாரி.

"பிரிண்ட் எடுத்துக் குடுத்தோம் மேடம். அதிகாரி வாசிச்சாக. சோப்பு, தண்ணி, பத்து நிமிசம், அம்புட்டும் குடுக்கணும்னு எழுதிட்டுப் போயிட்டாக. ஆமா… அதை எதுக்குப் பூட்டி வச்சீக?"

"யாராவது திருடிருவாங்களோன்னு…" என்று இழுத்தேன்.

சிரித்துவிட்டார்.

"எங்க ரூம்ல வேலை நேரத்துல ஒரு கதவையும் சாத்த விடமாட்டாக மேடம். தீப்பிடிச்சா ஓடணும்ல, உள்ள நாங்க இருக்கோம்ல. உங்க கட்டுரைக்குள்ளயும் நாங்கதான மேடம் இருக்கோம்?"