துண்டுக்குள் ஒரு மில் பங்கு

போன செவ்வாய்க்கிழமை சேலத்தில் நான் வாயைப் பிளந்து நின்ற கதையை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

செங்கோடண்ணன் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். கையில் பத்து நூல் மில் பங்குகள் இருந்தன. அவற்றை விற்றாலும் போதாது, உழவு எருதுகளையும் விற்க வேண்டும் என்றார். அந்த ஜோடியைப் பற்றிச் சொல்லும்போதே மனிதர் பேச்சைப் பாதியில் விட்டுத் தொழுவத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்திரத்தைப் பார்த்தேன். பங்கு ஒன்றுக்கு நூறு ரூபாய் என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. "நூறு குடுத்தா வித்துடுங்கண்ணா" என்றேன். போன வருஷம் என் ஐந்து பங்குகளை நான் அப்படித்தானே விற்றேன்!

சேலம் கடைவீதிக்குத் துணைக்கு நானும் போனேன். என் பங்குகளை வாங்கிய அதே நூல் வியாபாரி. பத்திரத்தைப் புரட்டினார்.

"நூறுன்னு போட்டிருக்குது. நூறே தாரேன்."

அண்ணன் அசையவில்லை. "அது கன்னுக்குட்டியா இருந்தப்போ வெச்ச வெலைங்க. இப்ப வருசத்துக்குப் பதினஞ்சு ரூவா கறக்குதுங்களே?"

மில் வருஷந்தோறும் பங்குக்குத் தரும் லாபத்தை, டிவிடெண்டைத்தான் சொல்கிறார்! காலேஜில் படித்தவன் நான்... எனக்குத் தோன்றியதா இது?

அடுத்து அவர் செய்ததுதான் அதிசயம். தோள் துண்டை எடுத்துக் கைமேல் போட்டு நீட்டினார் — மாட்டுச் சந்தையில் நீட்டுவது போலவே! துண்டுக்கடியில் எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. வியாபாரி சிரித்தார். ஆனாலும் கை உள்ளே போயிற்று.

"யோசிச்சுட்டு வாரேனுங்க" என்று அண்ணன் எதிர்க்கடைக்குப் போனார். அங்கும் துண்டு. பிறகு மறுபடி இந்தக் கடை. அந்தக் கடைக்காரர் எவ்வளவு கேட்டார் என்று இவருக்குத் தெரியாது. இவர் கேட்டது அவருக்குத் தெரியாது. மூன்றாவது நடையில் நம் வியாபாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நூத்தம்பது! ஆளை விடுங்க சாமி!"

அதே காகிதம். அதே அச்சு. நூறு என்ற எழுத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை! மேட்டூர் மின்சாரத்தில் எங்கோ நூல் நூற்கும் கதிர் சுற்றுகிறது, யுத்தத்துக்குத் துணி போகிறது, கடைவீதியில் இரண்டு பேருக்கு ஆசை வருகிறது... கையிலிருக்கும் காகிதத்தின் விலை ஏறிவிடுகிறது. அடேயப்பா! உடம்பு சிலிர்த்துவிட்டது எனக்கு.

"எப்படிண்ணா தெரிஞ்சுது?" என்றேன்.

"ஏனுங்க, மாடு வாங்கின சீட்டைப் பார்த்தா மாட்டை விப்பாங்க? நாளைக்கு எறங்கினாலும் எறங்கும். இன்னிக்கு வாங்கறவன் குடுக்கறதுதானுங்க வெலை." பணத்தை மடியில் முடிந்துகொண்டார். "எருது ரெண்டும் ஊட்டுலயே இருக்கட்டும்." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் ஆச்சரியம் தாங்காமல் சொல்லி முடித்தேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "நம்ம அஞ்சு பங்கு என்ன வெலைக்குங்க போச்சு?"

மறுநாள் காலை, துவைத்த என் சட்டையின் மேல் புதுத் துண்டு ஒன்றை மடித்து வைத்திருந்தாள்.