நீச்சல் குளத்தோடு நின்ற கடல் பயணம்

ஒரு கடலோரச் சரணாலயத்துக்கு நாங்களே துடுப்புப் போட்டுப் போய், இரண்டு இரவு தங்கி, நாங்களே திரும்புவது என்று திட்டம். நாங்கள் என்றால் நானும் என் தங்கையின் கணவரும். அங்கே கடை கிடையாது, குடிநீர் கிடையாது, போனில் சிக்னல் கிடையாது. எல்லாவற்றையும் சுமந்துபோய், குப்பையையும் சுமந்து வரவேண்டும். படகுக்கு இருவர் இல்லாமல் அனுமதி இல்லை. மாப்பிள்ளை பல வருடமாக ஆசைப்பட்ட பயணம். ஆபீஸில் கெஞ்சி லீவு வாங்கியிருந்தார்.

ஆசை அவருடையது, அதிகாரம் என்னுடையது. லிங்கராஜபுரத்தில் எங்கள் மொட்டைமாடியில் கூடாரத்தை விரித்து, தண்ணீர் கேன்களை அடுக்கி, கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று அவருக்கு வகுப்பே எடுத்தேன். அவருக்கு நீந்தத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் வீடியோ. "மாப்ள, தண்ணில நான் சொல்றத மட்டும் கேளுங்க, போதும்" என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அதோடு விட்டேனா? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபக் குறிப்பு கேட்டபோது எழுந்து, கடல் பயணம் போகிறோம், பாதுகாப்புக்காக ஜெபியுங்கள் என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்க்கவேண்டும் என்பதுதான் உள்ளூர ஆசை. பார்த்தார்கள். பின்வரிசை ஆன்ட்டி ஒருவர் எங்களுக்காக உபவாசம் இருப்பதாகச் சொன்னார்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம், பிரேசர் டவுனில் நண்பர் ஒருவரின் அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தில் ஒத்திகை. படகை வேண்டுமென்றே கவிழ்த்து, மறுபடி ஏறிப் பழகவேண்டும். கவிழ்ந்தது. நான் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன். எழுந்து நின்றால் தண்ணீர் மார்பளவுதான். ஆனாலும் மாப்பிள்ளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவரைத் தண்ணீருக்குள் அமுக்கினேன். வாட்ச்மேன் குதித்துத்தான் என் கையைப் பிரித்தார்.

மாப்பிள்ளை இருமி முடிக்க வெகுநேரம் ஆனது. "வேணாம் மச்சான். கடல்ல இப்படி ஆச்சுன்னா ரெண்டு பேருமே போயிடுவோம்" என்றார். கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் இடத்துக்கு வேறு ஆள் கிடைக்காமல், அவருடைய லீவும் அனுமதியும் வீணாயின.

வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு சர்ச்சுக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்தேன். மாப்பிள்ளையும் போகவில்லை. அடுத்த வாரம் போனபோது பாஸ்டர் மைக்கைப் பிடித்தார். "நம்ம பிரதர்ஸ் ரெண்டு பேரையும் கர்த்தர் கடல்லேர்ந்து பத்திரமா கூட்டிட்டு வந்துட்டார். சாட்சி சொல்ல வாங்க பிரதர்" என்று என்னைக் கூப்பிட்டார். கைதட்டல். உபவாசம் இருந்த ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

பக்கத்திலிருந்த மாப்பிள்ளை எழுந்தார். "நாங்க போகல பாஸ்டர். பிராக்டிஸ்லயே எனக்கு பயம் வந்துடுச்சு. மச்சான் ரெடியாத்தான் இருந்தாரு. என்னாலதான் நின்னுபோச்சு."

சர்ச்சே சிரித்தது. "அடுத்த வாட்டி தைரியமா போங்க தம்பி" என்று ஆன்ட்டி அவரைத் தேற்றினார்.

நானும் எல்லோரோடும் சேர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தேன்.