பிரிக்காத டப்பா

கந்தப்பளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் மூக்குப்பொடி போடும் ஒரே ஆள் என் தாய்மாமன். சீனி வியாதிக்காரர். மருந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நேரத்துக்குப் போடுவார். போகிற போக்கில் என் மூக்கில் ஒரு சிட்டிகையை வைத்துவிட்டு, நான் தும்முவதை எண்ணி எண்ணிச் சிரிப்பார். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒருநாள் ஆத்திரம் பொறுக்காமல், அவர் புதிதாக வாங்கி வந்த டப்பாவைப் பிரிக்குமுன்பே எடுத்து விறகுக் கட்டுக்குள் ஒளித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போனால்தான் வேறு டப்பா.

அவர் தேடினார். நான் கமுக்கமாக இருந்தேன். அந்த வாரமே அவருக்கு ஒரு பக்க மூக்கு அடைத்து, கன்னம் வீங்கி, கறுப்பாக வடிய ஆரம்பித்தது.

"பொடியப் போட்டுப் போட்டு மூக்கே புண்ணாப் போச்சு. நிப்பாட்டுடா," என்றாள் அம்மா.

"டப்பாவே காணோங்க்கா. நாலு நாளா நான் போடவேயில்ல."

யாரும் நம்பவில்லை. சீனிப்பண்டம் ஆகாதென்றும் தொதலை ஒளித்துத் தின்று பலமுறை அகப்பட்டவர் அவர். அவர் சொல்வது உண்மையென்று லயத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். அடிக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. பொடியை விட்டால் தன்னால் சரியாகிவிடும் என்று அம்மா இன்னும் இரண்டு நாள் பார்த்தாள்.

மூன்றாம் நாள் கண் வீங்கி மூடிக்கொண்டது. ஆட்டோ வந்தது. செய்த தப்பைச் சரிசெய்துவிடலாம் என்று, டப்பாவை அவர் சட்டைப் பைக்குள் நைசாகப் போட்டுவிட்டு நானும் தொற்றிக்கொண்டேன்.

பெரியாஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றும்போது டப்பா கீழே விழுந்தது.

"பாத்தீங்களா டொக்டர்? போடவேயில்லன்னு சாதிச்சான்," என்றாள் அம்மா.

டொக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இது பொடியில்லம்மா, பூஞ்சணம். காத்துல இருக்கறதுதான். எல்லாரு மூக்குக்குள்ளயும் போகும், ஒண்ணும் செய்யாது. சீனி ஏறின ஒடம்புன்னா சதையத் தின்னுரும். கறுப்பு வந்த அன்னைக்கே கொண்டாந்திருக்கணும்."

மாமா அதைக் கேட்டாரோ என்னவோ. ஒற்றைக் கண்ணால் டப்பாவையே பார்த்துக்கொண்டு, "நான் போடலக்கா," என்றார். அறுவைச் சிகிச்சை செய்தும் பயனில்லை. நான்காம் நாள் போய்விட்டார்.

கடைசி நேரத்திலும் தம்பி தன்னிடம் பொய் சொன்னான் என்று அம்மா இன்றைக்கும் அழுகிறாள். அவருடைய துணிகளோடு அந்த டப்பாவும் வீட்டுக்கு வந்தது. மேலே ஒட்டியிருந்த தாள் கிழியாமல் அப்படியே இருந்தது. அம்மா அதைக் கவனிக்காமல் சாக்கடைக் கானுக்குள் வீசியெறிந்தாள். நான் பிடிபடாமல் தப்பித்தேன் என்று அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது.