பகூலியின் டாக்ஸி கரகரத்த வாரம்

பகூலி ஒன்பது வருஷம் டாக்ஸி நிறுத்தத்தில் அரிசிப் பணியாரம் சுட்டு விற்றவள். கரண்டி ஒரு பக்கம் வேலை செய்ய, காது ஓட்டுநர்களின் பேச்சிலேயே இருக்கும். ஒருநாள் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் லைசென்ஸ் எடுத்தாள். பழைய பால்நிற டாக்ஸி ஒன்றை வாங்கினாள். மலைமேல் அமைந்த தலைநகரான அன்டனானரிவோவின் மேடுகளில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு. சீட்டுக்கு வெள்ளை உறை, துளி தூசி இருக்காது. "உன் வண்டியில செருப்போட ஏறவே கூச்சமா இருக்கு" என்பார்கள்.

அந்த வண்டி புத்தாண்டு முடிந்த வாரத்தில் மக்கர் செய்ய ஆரம்பித்தது. நின்ற இடத்தில் முதல் கியர் போட்டால் முரண்டு பிடித்தது. ரிவர்ஸ் போட்டாலோ 'கர்ர்ர்' என்று கத்தும், தெருவே திரும்பிப் பார்க்கும். பின்சீட்டில் ஒரு அம்மாள் மடியில் வைத்திருந்த வாத்து பயந்து ஊரைக் கூட்டியது.

முதல் மெக்கானிக் ஓட்டிப் பார்த்தபோது சத்தமே இல்லை. "கியர் பாக்ஸைப் பிரிச்சாத்தான் தெரியும்" என்றான். இரண்டாமவன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சாவியை நீட்டினான்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லக்கா. ஓட்டுற காலுதான் குட்டை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அப்படியா? உன் நாக்கு நீளமாத்தானே இருக்கு, அதுல கொஞ்சம் வெட்டிக் குடு, ஒட்டிக்கிறேன்" என்றாள் பகூலி. சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது. ஆனாலும் அங்கிருந்து வண்டியை எடுக்கும்போது அது மறுபடி கரகரத்தது. அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. நிஜமாகவே காலில்தான் கோளாறோ?

மறுநாள் மேட்டுத்தெரு மெக்கானிக் சிலாவுவிடம் போனாள். அவன் வண்டியைத் தொடவில்லை. முதலில் கேட்டான்.

"எப்பெல்லாம் கரகரங்குது?"

"நின்னு கிளம்பறப்ப. ரிவர்ஸ்ல இன்னும் மோசம். ஆனா பெட்ரோல் மிச்சம்னு இறக்கத்துல எஞ்சினை அணைச்சு உருட்டி நிறுத்துவேன்ல, அப்போ கியர் சோத்துல கரண்டி எறங்குற மாதிரி எறங்குது."

சிலாவு நிமிர்ந்து உட்கார்ந்தான். "இதை முன்னாடி பார்த்த மெக்கானிக்குங்ககிட்ட சொன்னீங்களா?"

"யாரு கேட்டா?"

"பாக்ஸ் நல்லாத்தான் இருக்குக்கா. எஞ்சின் ஓடறப்ப மட்டும் கரகரன்னா, கிளட்ச் முழுசா விலகலைன்னு அர்த்தம்."

கிளட்ச் கேபிளைப் பார்த்தான், தளர்ச்சி இல்லை. பகூலி காலடிப் பாயை எடுத்து மதில்மேல் போட, அவனே ஏறி ஓட்டினான். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. இறங்கித் தலையைச் சொறிந்தான். பகூலிக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

"நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்கார்றேன்."

அவள் மதில்மேல் கிடந்த பாயை எடுத்து உதறி, காலடியில் ஒழுங்காக விரித்து, உட்கார்ந்து கிளட்சை மிதித்தாள். கியர் போட்டாள். கர்ர்ர்!

"அக்கா! காலை எடுக்காதீங்க!" சிலாவு குனிந்து பெடலுக்கு அடியில் விரலை விட்டான். "என்னது இது, மெத்தையா?"

"நாத்தனார் பின்னினது. புத்தாண்டுக்குக் குடுத்தா."

"இது தடுக்கறதுல பெடல் முழுசா இறங்கவே இல்ல. மத்தவங்க ஓட்டறப்ப?"

"எண்ணெய்க் காலோட மிதிச்சிருவாங்கன்னு நான்தான் எடுத்து..." பகூலி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஸ்டீயரிங்மேல் கவிழ்ந்து சிரித்தாள். சிலாவுவும் இறங்கித் தரையில் உட்கார்ந்து சிரித்தான். என்னவோ ஏதோ என்று எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பாய் பின்சீட்டுக்குக் குடிபோனது.

அன்று மத்தியானமே ஒரு மாப்பிள்ளை வீட்டார் அவளை மறித்து ஏறினார்கள். பெண் கேட்கப் போகிறார்கள், ஏற்கெனவே தாமதம். அவர்களுக்காகச் சபையில் பேசவிருந்த பெரியவர் முன்சீட்டில் உட்கார்ந்து, வைக்கோல் தொப்பியை மடியில் வைத்து, பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார்.

செங்குத்தான மேட்டின் நடுவில் ஒரு கைவண்டி குறுக்கே நிற்க, எல்லாம் நின்றது. வழி விட்டதும் பகூலி முதல் கியர் போட்டாள். ஒரு சத்தமில்லை. கிளட்சை மெல்ல விட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் போகாமல் ஏறியது. அவளுக்குப் பாடலாம்போல் இருந்தது.

"எங்கள் குறைகளைப் பொறுத்தருள வேண்டும்..." என்று பெரியவர் தொடங்கினார்.

"குறை கிடக்கட்டும் ஐயா, ஏன் இவ்வளவு லேட்டு? அதைச் சொல்லுங்க முதல்ல!" என்றாள் பகூலி, பெண் வீட்டார் குரலில்.

பின்சீட்டு சிரிப்பில் அதிர்ந்தது. பெரியவர் திகைத்தார். பிறகு அவரும் விடவில்லை. "உங்கள் பெண்ணைப் போலவே உங்கள் வீடும் உயரத்தில் இருக்கிறதே அம்மா, ஏறிவர வேண்டாமா?"

பெண் வீட்டில் அதே கேள்வியைத்தான் முதலில் கேட்டார்கள். பெரியவர் பதிலை எடுத்துவிட, கூடம் கைதட்டலில் நிறைந்தது. வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பகூலியை அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"எனக்குப் பேசக் கத்துக்குடுத்தவ இவதான். முதல் தட்டு இவளுக்கு!"

இடித்த மரவள்ளி இலையும் பன்றிக்கறியுமாக, பகூலி சோறு இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.