அம்மா வந்திருக்கு

பொறாமைப்பட எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதை முழு நேர வேலையாகப் பார்த்தது நர்ஸ் டிரெயினிங் படித்த காலத்தில்தான். எழுபதுகளின் கடைசி. சங்கரன்கோவிலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, அதை ஒட்டி ஹாஸ்டல், ஹாஸ்டலுக்குள்ளேயே வகுப்பு. நான் கரிவலம்வந்தநல்லூர்க்காரி. என்னைப் பொறாமைப்பட வைத்தவள் பனவடலிசத்திரம். எங்கள் இரண்டு பேர் கட்டிலும் பக்கத்துப் பக்கத்தில். அதுதான் வினை.

வகுப்பறைச் சுவரில் விதிகளை எழுதி மாட்டியிருந்தார்கள். பிரேயர் மணி அடித்து முடிவதற்குள் வரிசையில் நிற்க வேண்டும். ஈரத் தலையோடு வார்டுக்குள் நுழையக் கூடாது. கண்ணாடி வளையல், பூ, மருதாணி கூடாது. சிஸ்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேட்டாலொழிய வாய் திறக்கக் கூடாது. வருகை குறைந்தால் பரீட்சை இல்லை, ஆறு மாதம் காத்திருந்து அடுத்த செட்டோடு எழுத வேண்டும். நடத்தைத் தப்புக்கெல்லாம் பேரில் ஒரு கண்டிப்பு குறிப்பார்கள், அது அளவுக்கு மீறினாலும் அதே தண்டனைதான். மற்றப் பிள்ளைகள் அந்தப் பலகையைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். படிப்பில் என்னை முந்த ஆள் இருந்தது, அழகில் கேட்கவே வேண்டாம். விதியை மதிப்பதில் மட்டும் என்னை மிஞ்ச ஒருத்தியும் கிடையாது.

அவள் தினமும் தாமதம். மணி அடித்து ஓய்ந்த பிறகு தொப்பியைச் சொருகிக்கொண்டே ஓடி வருவாள். சிஸ்டர் முறைப்பார். இவள் லேசாகச் சிரிப்பாள். சிஸ்டரின் உதடு ஓரமாக அசையும். அந்த அசைவுக்காகத்தான் நான் விடியற்காலையில் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்துக் கஞ்சி போட்ட சேலை கட்டி முதல் ஆளாக நின்றேன். எனக்கு அது ஒருநாளும் கிடைக்கவில்லை. கண்டிப்பு என்னவோ அவள் பேரில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கண்டிப்பு வாங்கிக்கொண்டும் ஒருத்தி எல்லாருக்கும் செல்லமாக இருக்க முடியும் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் நோட்டை வாங்கித்தான் படிப்பாள். என்னைவிட இரண்டு மார்க் கூட வாங்குவாள். "ஏட்டி, ஒன் கையெழுத்து முத்து முத்தா இருக்குல்லா, அதான் மண்டையில ஏறுது" என்பாள். வயிறு எரியும்.

சிஸ்டர் வெள்ளைக்காரம்மா. அவர்தான் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை. இந்த நாட்டுக்கு வந்து தமிழை முறையாகப் புத்தகம் வைத்துப் படித்தவர். இலக்கணம் தப்பாது. "உணவு அருந்தினாயா?" என்றுதான் கேட்பார். மருந்து வாங்க வந்த பெண்கள் அந்தத் தமிழைக் கேட்டுக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். தனக்குத் தெரியாத தமிழ் உண்டு என்று யாராவது சொன்னால் சிஸ்டருக்குப் பிடிக்காது.

கடைசிப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால் மாதாந்தர லீவில் ஊருக்குப் போனேன். போன மறுநாளே காய்ச்சல், அதற்கு அடுத்த நாள் உடம்பெல்லாம் முத்து. சின்னம்மைதான். எங்கள் வீட்டில் அதை நோய் என்று சொல்ல மாட்டார்கள், வைத்தியம் பார்க்க மாட்டார்கள். வாசலில் வேப்பிலை செருகி, என்னை ஒரு மூலையில் வேப்பிலைமேல் படுக்கவைத்தார்கள். "ஆஸ்பத்திரியில சொல்லணும், இல்லைன்னா ஆப்சென்ட் போட்ருவாங்க" என்று நான் அனத்திக்கொண்டே இருந்ததில், எங்கள் அய்யா பஸ் ஏறி சங்கரன்கோவிலுக்குப் போனார். வேப்பிலை செருகிய வீட்டிலிருந்து வந்தவர் இன்னோர் இடத்துக்குள் நுழையலாமா என்று கேட்டுக்கு வெளியிலேயே நின்று சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வந்தார். "எல்லாம் வெவரமாச் சொல்லியாச்சு. நீ பேசாமப் படு" என்றார்.

முத்து உதிர்ந்து, மூன்று தண்ணீர் ஊற்றி முடித்து ஹாஸ்டலுக்குத் திரும்பினேன். முகத்தில் ஒன்றிரண்டு தடம், பரு என்றால் நம்பலாம். வருகைக் குறைவால் பரீட்சை எழுத முடியாதவர் என்று போர்டில் ஒரே ஒரு பேர் இருந்தது. என் பேர். மூன்று வருஷமாக ஒரு பிரேயர் மணிக்குக்கூடப் பிந்தாத என் பேர்.

சிஸ்டரின் அறைக்கு ஓடினேன். அம்மை வந்து படுத்திருந்தேன் என்றேன். சிஸ்டர் பேனாவை மூடி வைத்தார்.

"உன் தகப்பனார் உன் தாயார் வந்திருப்பதாகக் கூறினார். தாயார் இன்னும் இறங்கவில்லை என்றும் கூறினார். எதிலிருந்து இறங்கவில்லை, புகைவண்டியிலிருந்தா என்று வினவினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இப்போது நீ நோய் என்கிறாய். மருத்துவர் சான்றும் இல்லை. நோய்க்கு விடுப்பு உண்டு. பொய்க்குக் கிடையாது."

எங்கள் அம்மா கரிவலத்தை விட்டு நகராதவள். அவள் எங்கே போனாள், எங்கிருந்து வந்தாள்? அய்யா ஏன் இப்படி ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்தார்? ஆஸ்பத்திரிக்காரர்களிடம் அம்மை என்று சொல்லப் பயந்து வாய்க்கு வந்ததை உளறியிருக்கிறார் என்று நினைத்தேன். அவர்மேல் வந்த கோபத்தில் அழுகைகூட வரவில்லை.

சாயந்திரம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்வதற்கு வேறு ஆள் இல்லை. அவள் சோப்பு நுரையோடு கையை நிறுத்திக் கேட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏட்டி, ஒங்க அய்யா தாயாருன்னா சொல்லியிருப்பாரு? ஒங்க வீட்டுல யாரு தாயாருன்னு பேசுதா? பிள்ளைக்கு அம்மா வந்திருக்குன்னு சொல்லியிருப்பாரு. இன்னும் எறங்கலைன்னு சொல்லியிருப்பாரு. சிஸ்டர் அதை அவுங்க தமிழ்ல மாத்திக்கிட்டாங்க."

பிறந்ததிலிருந்து எங்கள் தெருவில் கேட்ட வார்த்தை. அம்மை கண்டால் அம்மா வந்திருக்கு. ஆறினால் அம்மா இறங்கியாச்சு. சிஸ்டர் வாயில் அது தாயார் ஆனதும் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பெற்ற அப்பனைப் பொய்யன் என்று நம்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போய் ஞானப்பாட்டுப் பாடுகிற ஒருத்தி, என் அய்யாவை ஒருதடவைகூடப் பார்க்காதவள், அவர் சொன்னதை அட்சரம் பிசகாமல் சொல்கிறாள். பரீட்சைக்கு வழி பிறந்ததே என்று சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு முதலில் வந்தது, இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்கிற எரிச்சல்தான்.

மறுநாள் ரவுண்ட்ஸ் முடிந்ததும் சிஸ்டரிடம் தனியாகப் போய்ச் சொல்லலாம் என்று அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவள் எங்கே கேட்டாள். வெளிநோயாளிகள் வராந்தாவில் சிஸ்டர் முன்னால் போக, நாங்கள் கையைப் பின்னால் கட்டி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தோம். பெஞ்சு முழுக்கச் சுற்றுப்பட்டிப் பெண்கள். அவள் திடீரென்று வரிசையை விட்டு விலகி, கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி முன்னால் நின்றாள்.

"யக்கா, வீட்டுல பிள்ளைக்கு அம்மா வந்திருக்குன்னு சொன்னா என்ன அர்த்தம்?"

அந்தப் பெண் சட்டென்று தன் பிள்ளையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "அம்மை போட்டிருக்குன்னு அர்த்தம். ஏன் தாயி, இங்கன யாருக்கு வந்திருக்கு?"

பக்கத்து பெஞ்சிலிருந்து ஒருத்தி, "தண்ணி ஊத்தியாச்சா?" என்றாள். இன்னொருத்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வராந்தா முழுக்க ஒரே பேச்சு.

அவள் சிஸ்டர் பக்கம் திரும்பினாள். "இவ அய்யா பொய் சொல்லலை சிஸ்டர். அவரு அம்மான்னுதான் சொன்னாரு. தாயார் ஆக்கினது நீங்க."

பெண்களுக்கு விஷயம் பாதி புரிந்தது. சிரித்துவிட்டார்கள். சிஸ்டரின் முகம் கழுத்து வரைக்கும் சிவந்தது. வேகமாக ரவுண்ட்ஸை முடித்தார்.

நியாயம் தெரிந்தவர்தான். மத்தியானத்துக்குள் போர்டில் என் பேரைத் தன் கையாலேயே கோடு போட்டு அடித்தார். என்னைக் கூப்பிட்டு, "உன் தகப்பனாரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்" என்றார். சாயந்திரம் அதே போர்டில், அடித்த என் பேருக்குக் கீழே அவள் பேர் ஏறியது. ரவுண்ட்ஸில் வாய் திறந்தது, நோயாளிகள் முன்னால் தலைமை சிஸ்டரைச் சிரிப்புக்கு ஆளாக்கியது. பழைய தாமதங்களோடு இதையும் சேர்த்தால் கண்டிப்பு அளவுக்கு மீறிவிட்டது. பரீட்சை இல்லை. ஆறு மாதம்.

நான் சிஸ்டரிடம் போய் நின்றேன். எனக்காகச் செய்தாள், என் கணக்கில் வையுங்கள் என்று கேட்டேன். "விதி எல்லாருக்கும் பொது அல்லவா? நீ அறியாததா?" என்றார். விதியைப் பற்றி என்னிடம் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?

அவள் குளியலறைக்குள் போய் ரொம்ப நேரம் வரவில்லை. வந்தபோது கண் வீங்கியிருந்தது. ஆனால் சாப்பாட்டில் உட்கார்ந்து இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கினாள். "போ ஏட்டி, ஆறு மாசம்தானே. ஒனக்குன்னா நீ கெணத்துல விழுந்திருப்பே" என்றாள். அவள் சம்பளத்தை நம்பி வீட்டில் இரண்டு தங்கச்சிகள் இருந்தார்கள். நன்றியாகத்தான் இருக்க வேண்டும். நன்றியாகவும் இருந்தேன். ஆனால் அந்த வாரம் முழுக்க ஹாஸ்டலில் ஒரே பேச்சு அவளைப் பற்றித்தான். பரீட்சை எழுதப் போகிறவள் நான், பேர் வாங்கினவள் அவள். இழப்பதில்கூட இவள் முதலாவதாக வர வேண்டுமா என்று உள்ளுக்குள் புகைந்தது.

அந்தப் பரீட்சையில் நான்தான் முதல். எழுத்தில் பயமே இல்லை. செய்முறைத் தேர்வில்தான் உயிர் போய் வந்தது. பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அம்மா பரீட்சகராக வந்திருந்தார். பெண்கள் வார்டில் நடுவயதுப் பெண் ஒருத்திக்கு நான் ஊசி போட வேண்டும். பரீட்சை எழுதாதவள் என்பதால் அவளை ஊசி கொதிக்கவைத்துத் தட்டு ஏந்தி நிற்கிற வேலைக்குப் போட்டிருந்தார்கள்.

நான் மருந்தை ஏற்றித் திரும்பியதும் அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டாள். "நீ வேண்டாம். அந்தப் பிள்ளை போடட்டும்" என்று தட்டுக்காரியைக் காட்டினாள்.

பரீட்சகர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நோயாளி சம்மதிக்காவிட்டால் மார்க் இல்லை. ஊசியை நிமிர்த்தி, இல்லாத காற்றை இன்னொரு தடவை வெளியே தள்ளினேன்.

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலின் மறுபக்கம் போனாள். அந்தப் பெண்ணின் மோவாயைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "யக்கா, எனக்கு ஊசி போடப் படிச்சுக்குடுத்ததே இவதான். இவ கைக்கு முன்னால நானெல்லாம் எங்க?" என்றாள்.

முழுப் பொய். ஊசி விஷயத்தில் அவளுக்கு நான் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அந்தப் பெண் கையை நீட்டினாள். நான் போட்டேன். பரீட்சகர் தலையை ஆட்டி முழு மார்க் போட்டார். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன்.

"வலிக்கவே இல்ல தாயி" என்றாள். அவளைப் பார்த்து.